யார் கணக்கில் கரையேறுவது? லண்டன் துறைமுகமும் ஆசிய மாலுமிகளின் நலனும்

1786 ஜனவரியில் லண்டன் வணிகர்கள் சிலர் கூடி நிதி திரட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்து வந்து, ஊர் திரும்ப வழியில்லாமல் குளிரில் தெருவில் கிடந்த ஆசிய மாலுமிகளின் பசியாற்றுவது நோக்கம். ‘கறுப்பின ஏழைகளுக்கான உதவிக் குழு’ என்று பெயர் அமைந்தது. ஜோனஸ் ஹான்வே தலைமை ஏற்றார்; 1756-இல் ஏழைச் சிறுவர்களுக்கு உடுப்புக் கொடுத்துக் கடல்வேலைக்கு அனுப்பும் மரைன் சொசைட்டியைத் தொடங்கியவர் அவர். மைல் எண்டிலும் மேரில்போனிலும் இரண்டு மதுக்கடைகளை மையமாக வைத்து உதவி வழங்கினார்கள். வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதும், அவர்களில் பலர் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனின் பக்கம் நின்றவர்கள் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. சில மாதங்களில் உதவிக்கு நிபந்தனை வந்தது. சியரா லியோனுக்குக் குடிபோகச் சம்மதிப்பவருக்கே படி. 1787 ஏப்ரலில் ஏறத்தாழ 400 பேருடன் கப்பல்கள் பிளிமத்திலிருந்து கிளம்பின. போனவர்களில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளுக்குள் மாண்டுபோனார்கள்.

துறைமுகத்தில் மாலுமிக்குக் கிடைக்கும் உதவி தருமமாகத் தொடங்கி உரிமையாக வளர்ந்தது என்று எழுதுவது வழக்கம். ஐரோப்பிய மாலுமியை மட்டும் பார்த்தால் அந்தச் சித்திரம் ஓரளவு பொருந்தும். ஆசிய மாலுமியை நடுவில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. அவருக்கு இடம் கொடுத்த கையும் அவரைத் திருப்பி அனுப்பிய கையும் பெரும்பாலும் ஒன்றே. அந்தக் கையில் யாருடைய பணம் இருந்தது என்ற கேள்வியே இந்தக் கட்டுரையை வழிநடத்துகிறது.

லஸ்கர்கள் எனப்பட்ட இந்த ஆசிய மாலுமிகள் லண்டனில் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் சட்டத்தில் இருந்தது. இந்தியாவுக்கு வரும் வழியிலும் வந்த பின்னும் ஐரோப்பிய மாலுமிகள் நோயில் செத்தார்கள், ஓடிப்போனார்கள், போர்க்காலத்தில் கடற்படை அவர்களைப் பிடித்துக்கொண்டது. அந்த இடங்களை நிரப்பக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சரங்குகள் வழியாக ஆள் சேர்த்தார்கள். ஊரைச் சுற்றி முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி, கப்பலிலும் அவர்களுக்கு மேலாளாக நின்ற சரங்கை, தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை அறிந்த நமக்குப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் பிரிட்டிஷ் கப்பலில் முக்கால் பங்கு ஆட்கள் பிரிட்டிஷ்காரராக இருக்க வேண்டும் என்றது கடலோட்டச் சட்டம். அதனால் லண்டன்வரை கப்பலைக் கொண்டுவந்து சேர்த்த லஸ்கர், திரும்பும் பயணத்தில் வேலையாளாக ஏற முடியாது. பயணியாகத்தான் போக வேண்டும். கப்பல் கிடைக்கும்வரை கம்பெனி அமர்த்திய ஒப்பந்தக்காரரின் கொட்டடிகளில், பெரும்பாலும் ஷாட்வெல் பகுதியில், மாதக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள்.

1814-இல் பாராளுமன்றம் தலையிட்டது. லஸ்கர்களுக்கு உணவு, உடை, தங்குமிடம் கொடுக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்று சட்டம் வந்தது. தொடர்ந்து ஒரு குழு கொட்டடிகளைப் பார்வையிட்டு, அவற்றின் அழுக்கையும் நெரிசலையும் பதிவு செய்தது. இந்த வரலாற்றில் வேலை கொடுப்பவரின் கணக்கில் செலவு எழுதப்பட்ட முதல் தருணம் இது. அதற்குரிய கவனத்தை ஆய்வாளர்கள் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். 1823-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் மறுபக்கத்தைக் காட்டியது. பராமரித்துத் திருப்பி அனுப்பும் கடமையைக் கப்பல்காரர் மேல் சுமத்திய அதே சட்டம், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்திருந்தாலும் லஸ்கரைப் பிரிட்டிஷ் மாலுமியாகக் கருதக் கூடாது என்றது. பாதுகாப்பும் விலக்கும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

இதே காலத்தில் வெள்ளை மாலுமிக்கான நலப்பணி வேறு பகையை எதிர்த்து வளர்ந்தது. பயணம் முடிந்ததும் பல மாதக் கூலியை மொத்தமாக வாங்கிக்கொண்டு இறங்கும் மாலுமியைக் கரையிலேயே மடக்கிப் பிடித்தவர்கள் ஆள்பிடிகாரர்கள். கப்பலைக் கரையில் கட்டுமுன்பே அவர்களுடைய ஆட்கள் படகில் வந்து ஏறிவிடுவார்கள். சாராயம், விடுதி, கடன் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கூலியைக் கறந்த பின், அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டு அவருடைய முன்பணச் சீட்டையும் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு மாற்றாக, ‘போசன் ஸ்மித்’ என்று அறியப்பட்ட பாப்டிஸ்ட் போதகர் ஜார்ஜ் சார்ல்ஸ் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் முயன்று எழுப்பிய மாலுமி இல்லம் 1835-இல் வெல் தெருவில் திறந்தது. 1828-இல் இடிந்து விழுந்த பிரன்ஸ்விக் நாடக அரங்கின் மனை அது. ஆளுக்கொரு சிறு அறை, கூலியைப் பத்திரமாக வைக்க ஏற்பாடு, அடுத்த கப்பலில் சேர உதவி: இன்றைய மாலுமி மன்றங்களின் கரு இங்கேதான் இருக்கிறது. பிறகு அரசு வந்தது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஆள் சேர்ப்பை அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுபோனது. 1880-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணச் சீட்டின் முதுகெலும்பை முறித்தது. இனம் கேட்காமல் கதவு திறந்த நிறுவனமும் ஒன்று இருந்தது. 1821-இல் தொடங்கிய மாலுமி மருத்துவமனைச் சங்கம், தேம்ஸ் நதியில் நிறுத்திய பழைய போர்க்கப்பல்களில் எல்லா நாட்டு மாலுமிகளுக்கும் சிகிச்சை கொடுத்தது. அவற்றில் ஒன்றின் ‘டிரெட்நாட்’ என்ற பெயர் 1870-இல் கிரீனிச் கரைக்கு வந்த மருத்துவமனைக்கும் தொடர்ந்தது.

ஆசிய மாலுமிக்கான இல்லம் 1857-இல்தான் வந்தது. லைம்ஹவுஸில், வெஸ்ட் இந்தியா டாக் ரோட்டில், ‘ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினருக்கான அந்நியர் இல்லம்’. சர்ச் மிஷனரி சொசைட்டியின் ஹென்றி வென் அதன் பின்னணியில் இருந்தார். 1856-இல் இளவரசர் ஆல்பர்ட் அடிக்கல் நாட்டினார். பஞ்சாபை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மகாராஜா துலீப் சிங் 500 பவுண்டு கொடுத்தார். பெயர்ப் பலகையிலேயே ‘அந்நியர்’ என்று எழுதியிருந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே தங்கியவர்களில் பெரும்பகுதியினர் அரசியின் குடிமக்கள்.

அந்த வீடு செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெருவில் குளிரில் சாகவிருந்தவருக்குக் கூரை கிடைத்தது. வைத்திருந்த காசு திருட்டுப் போகாமல் இருந்தது. தம் மொழியில் பேச ஆள் கிடைத்தது. லண்டன் சிட்டி மிஷனைச் சேர்ந்த ஜோசப் சால்ட்டர் இந்துஸ்தானி கற்று அங்கே பணியாற்றினார். 1873-இல் அவர் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் ஆசியர்’ என்ற நூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு முதன்மைச் சான்று. அதில் மதம் மாற்றும் ஆர்வமும், இஸ்லாமியர் இந்துக்கள் மேல் அக்கால மிஷனரிக்கு இருந்த ஏளனமும் ஏராளம். ஆயினும் கிழக்கு லண்டனின் சந்துகளில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று வேறு யாரும் எழுதி வைக்காததை அவர் எழுதியிருக்கிறார்.

இல்லத்தின் வேலை தங்க வைப்பதோடு நிற்கவில்லை. கீழ்த்திசைக் கப்பல்களுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் இடமாகவும் அது இயங்கியது. ஆதரவற்றவராக வந்தவரைக் கூடிய விரைவில் ஊர் திரும்பும் கப்பலில் சேர்ப்பது அதன் வெற்றியாகக் கருதப்பட்டது. இதனால் கப்பல் முதலாளிக்குச் சட்டப் பொறுப்பு தீர்ந்தது, ஊராட்சிக்கு ஏழை நிவாரணச் செலவு மிச்சமானது. மாலுமிக்கு? ஊருக்குப் போக விரும்பியவருக்கு அது வரம். லண்டனில் ஐரோப்பியக் கூலிக்குக் கப்பலேற விரும்பியவருக்கு அது முட்டுக்கட்டை. லஸ்கர் ஒப்பந்தத்தில் கூலி ஐரோப்பியருடையதில் ஒரு சிறு பங்கு. அந்த ஒப்பந்தத்தை அவர் லண்டனில் முறித்துக்கொண்டு போகாமல் காப்பதில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகின. கொதிகலன் அறைகளுக்கு ஆள் தேவை கூடியது. 1914-இல் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள் ஏறத்தாழ 50,000 பேர், ஆறில் ஒருவருக்கு மேல். அத்தனை பேருக்கும் லண்டனில் பெயர் சொல்ல இருந்த இல்லம் இது ஒன்றுதான். 1937-இல் அதுவும் மூடப்பட்டது.

பம்பாயின் இரண்டு கட்டடங்களை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ராயல் ஆல்பிரட் மாலுமி இல்லத்துக்கு பரோடா மன்னர் காண்டே ராவ் கெய்க்வாட் 2,00,000 ரூபாய் கொடுத்தார். 1870-இல் அடிக்கல், 1876-இல் திறப்பு, எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அந்த அழகிய கட்டடம் இன்று மகாராஷ்டிரக் காவல்துறையின் தலைமையகம். இந்திய மன்னரின் பணத்தில் எழுந்த அந்த வீடு முதன்மையாக ஐரோப்பிய மாலுமிகளுக்கானது. இந்திய மாலுமிகளுக்கான இல்லம் மஸ்ஜித் பந்தரில் 1931-இல் திறந்தது, அதுவும் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவிடமாக. கடலில் செத்த 2,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. உயிரோடு இருந்தவர்களுக்கு அறை கிடைக்க அத்தனை சாவு வேண்டியிருந்தது.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே லண்டனில் நடந்த ஒரு முயற்சிக்கு இலங்கைத் தொடர்பு உண்டு. கண்டியில் மலாய்க் குடும்பத்தில் பிறந்த கமால் சுன்சி, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர், மெதடிஸ்டாக மாறியவர். 1919-இல் கார்டிஃப், லிவர்பூல், லண்டன் துறைமுகங்களில் கறுப்பின, ஆசிய மாலுமிகள் மேல் கலவரக் கும்பல்கள் பாய்ந்தன. 1925-இல் வந்த ஆணை, பிரிட்டிஷ் குடிமகன் என்று பத்திரம் காட்ட முடியாத ‘நிற’ மாலுமிகளை அந்நியராகப் பதியச் சொன்னது. இந்தச் சூழலில் 1926-இல் சுன்சி கேனிங் டவுனில் ‘நிறத்தார் மன்றம்’ ஒன்றைத் திறந்தார். அங்கே வந்தவரைத் திருப்பி அனுப்பும் வேலை இல்லை. ஊரில் குடியேறிவிட்ட மாலுமிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் கூடும் இடமாக அது இருந்தது. உதவி பெறுபவர் இங்கேயே வாழப்போகிறவர் என்று ஏற்றுக்கொண்டு தொடங்கிய ஏற்பாடு என்பதால், இந்த வரலாற்றில் இதற்குத் தனியிடம் தருகிறேன். 1930-இல் சாலையை அகலப்படுத்தக் கட்டடத்தை இடித்தார்கள். புதிய கட்டடத்துக்கு அவர் நிதி திரட்டிப் பார்த்தும் அது எழவில்லை. நன்கொடையை நம்பி நின்ற வீட்டுக்கு இடிந்த பின் கேட்பார் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1936-இல் துறைமுகங்களில் மாலுமி நலன் பற்றிப் பரிந்துரை எண் 48-ஐ ஏற்றது. பரிந்துரை என்பதால் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. போர்தான் கட்டாயப்படுத்தியது. 1939-இல் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பலேற மறுத்தார்கள், பலர் சிறை போனார்கள், கூலி உயர்ந்தது. 1940-இல் தொழிலாளர் அமைச்சர் எர்னெஸ்ட் பெவின் மாலுமி நலத்தைத் தன் துறையின் பொறுப்பில் கொண்டுவந்தார். அது அமைதிக்காலத்தில் 1948-இல் வணிகக் கப்பல் நல வாரியமாக நிலைபெற்றது. சுதந்திர இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் தேசிய மாலுமி நல வாரியத்துக்கு வழிசெய்ததோடு, நலப்பணிக்காகக் கப்பல் உரிமையாளரிடம் கட்டணம் வாங்கவும் இடம் கொடுத்தது.

இதே காலத்தில் துறைமுகமே மாறத் தொடங்கியது. 1956 ஏப்ரலில் நியூவார்க்கிலிருந்து 58 கொள்கலன்களோடு ‘ஐடியல் எக்ஸ்’ கிளம்பியது. வாரக்கணக்கில் சரக்கு இறக்கிய காலம் போய், ஒரு கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரத்தின் நடுமதிப்பு 2018-இல் ஏறத்தாழ ஒரே நாள் என்று ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டது. நள்ளிரவும் நண்பகலும் பன்னிரண்டு முதல் நாலுவரை காவல் பார்க்கும் ‘இரண்டாம் மேட்’ என்ற கப்பல் அதிகாரிக்கு, அந்த ஒரு நாளில் தூக்கம், சரக்குக் கண்காணிப்பு, அடுத்த பயணத்துக்கான வரைபட வேலை போக மிஞ்சுவது இரண்டு மணி நேரம். முனையம் ஊருக்கு வெளியே. நகருக்குள் நின்ற பழைய இல்லத்தால் அவருக்குப் பயனில்லை. அதனால் நலப்பணியாளர் வேனில் கப்பலுக்கே போகிறார். ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டு, வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டி, படியில் ஏறி, உணவறையில் உட்கார்ந்து சிம் கார்டு விற்கிறார், வீட்டுக்குப் பணம் அனுப்ப வழி சொல்கிறார். கூலி வராத கதையை மெல்லக் கேட்பதும் அப்போதுதான்.

2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இந்த இரண்டு மணி நேரத்தையும் கடினமாக்கியது. அதன் முன்னுரையே கரை விடுப்பை மதிக்கச் சொல்கிறது. ஆனால் வாயிலில் நிற்கும் காவலர் கையில் முன்னுரை இருப்பதில்லை. அமெரிக்காவில் சில முனையங்கள் வாயில்வரை அழைத்துப்போகக் கட்டணம் வாங்கின. 2019-இல் அந்நாட்டுக் கடலோரக் காவல்படை விதி போட்டுத்தான், மாலுமியிடம் காசு வாங்காமல் வழிவிட வேண்டும் என்றாயிற்று. கொரோனா காலத்தில் 4,00,000 பேர் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள்.

2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, லைம்ஹவுஸ் பலகையிலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டது. அதன் விதி 4.4, கரையிலுள்ள நல வசதிகள் இனம், நிறம், நாடு, மதம், கப்பலின் கொடி எதையும் பாராமல் எல்லா மாலுமிக்கும் எட்ட வேண்டும் என்கிறது. இந்தியா 2015-இலும் இலங்கை 2017-இலும் இதை ஏற்றன. ஆனால் வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும்: வசதி ‘இருக்கும் இடத்தில்’ எட்ட வேண்டும். இல்லாத இடத்தில் கட்டுவதற்கு ‘ஊக்குவிக்க’ வேண்டும், அவ்வளவே. பொது நிதி, கப்பல் துறையிடம் வாங்கும் தீர்வை, நன்கொடை என்று செலவுக்கான வழிகள் கட்டாயமற்ற வழிகாட்டுப் பகுதியில் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. இன்றும் பெரும்பாலான துறைமுகங்களில் அந்த வேனுக்கு டீசல் போடுவது 1856-இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் மிஷன், 1920-இல் கிளாஸ்கோவில் பிறந்த கத்தோலிக்க ஸ்டெல்லா மாரிஸ், தொழிற்சங்க அறக்கட்டளை போன்றவைதான்.

கைவிடப்படும் மாலுமிகள் விஷயத்தில் இதே உடன்படிக்கை வேறு வழி கண்டது. 2017 ஜனவரி முதல், முதலாளி கைவிட்டால் நான்கு மாதம்வரையிலான கூலியும், உணவும், ஊர் திரும்பும் செலவும் காப்பீட்டிலிருந்து வர வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கப்பல் ஓடக் கூடாது. சான்றிதழைப் பெறாமலும் புதுப்பிக்காமலும் ஓடும் கப்பல்கள் இருக்கின்றன. 2024-இல் கைவிடப்பட்டோர் 3,000-ஐத் தாண்டினார்கள், அவர்களில் இந்தியரே அதிகம். ஆனாலும் செலவு யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. கரை வசதிக்கும் அப்படியொரு விதி எழுத முடியும். துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் நங்கூரக் கட்டணமும் வழிகாட்டிக் கட்டணமும் கட்டுகிறது. அந்தச் சீட்டில் மாலுமி நலத் தீர்வை என்று இன்னொரு வரி சேர்க்க 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தியாவுக்கு முன்மாதிரி இருக்கிறது. விதி 4.4-இல் ‘இருக்கும் இடத்தில்’ என்ற சொற்களை நீக்கி அந்தத் தீர்வையைக் கட்டாயப் பகுதிக்குக் கொண்டுவரும் திருத்தத்தை, உலகுக்கு மிக அதிகமாக மாலுமிகளைத் தரும் நாடுகளில் ஒன்றான இந்தியாவே ஜெனீவாவில் முன்மொழிய வேண்டும்.