ஈஸ்டின் வம்சாவளி

அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கிச் செல்வோர் கண்முன் நீலமாய் எழும் நீலகிரி மலைத்தொடர், 1868-இல் தனியாகப் பிரிக்கப்படும் வரையில் நமது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. அம்மலையின் குளிர்ச்சியை நம்பி 1857-இல் எழுந்த நீல்கிரீஸ் புரூவரி, 1915-இல் தாமஸ் லீஷ்மன் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றுசேர்த்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை ஸ்தாபித்தபோது அதனுள் அடங்கிற்று. பால் புளிப்பது நுண்ணுயிர்களின் செயலே என்று லூயி பாஸ்டர் பிரான்ஸ் தேசத்து லில் நகரில் எடுத்துரைத்ததும் அதே 1857-இல்தான். அக்காலத்துப் பீர் ஆலைகளிலெல்லாம், நம் வீட்டுப் பெண்கள் உறைமோரைக் காப்பதுபோல, ஒரு தொட்டியின் ஈஸ்டை அடுத்த தொட்டிக்கு இட்டு வந்தார்களேயன்றி, அது இன்ன இனம் என்று பிரித்தறிய வழி ஏதும் இருக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சென். நல்ல பீரைக் கசப்பாக்கிக் கெடுப்பது காற்றோடு வந்து கலக்கும் காட்டு ஈஸ்டே என்று கண்ட அவர், திரவத்தை நீர்த்து நீர்த்து ஒற்றை உயிரணுவைத் தனிப்படுத்தி, 1883-இல் அதன் சந்ததியை மட்டுமே கொண்டு பீர் வடிக்கச் செய்தார். குளிரில் வேலை செய்து தொட்டியின் அடியில் படியும், லாகர் பீரை வடிக்கும் அந்த ஈஸ்டை 1908-இல் 'சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்ஜென்சிஸ்' என்று தனி இனமாக வகுத்தார்.

மெலிபயோஸ் என்னும் சர்க்கரையை முற்றும் புளிக்கவைக்க வல்லது கார்ல்ஸ்பெர்க் ஈஸ்ட். மேலே நுரைத்தெழும் ஏல் பீரின் ஈஸ்டாகிய 'செரிவிசியே' அவ்வாறு செய்வதில்லை. இத்தகைய பரிசோதனைகளே நெடுங்காலம் இனநிர்ணயத்துக்கு ஆதாரமாக விளங்கின. உண்ணும் உணவைக் கொண்டு குலத்தைத் தீர்மானிக்கும் இம்முறை, என் அபிப்பிராயத்தில், ஆரம்பமுதலே பலவீனமானது. ஒரே ஒரு மரபணு கெட்டாலும் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் திறன் போய்விடுமல்லவா?

1985-இல் வான் மார்ட்டினியும் குர்ட்ஸ்மனும் டி.என்.ஏ.வையே ஒப்பிட்டு, லாகர் ஈஸ்ட் இரண்டு இனங்களின் கலப்பு என்று காட்டினார்கள். பெற்றோரில் ஒன்று செரிவிசியே. மற்றதோ எவர் கண்ணிலும் படாமலே இருந்து, 2011-இல் அர்ஜென்டினாவின் பாடகோனியக் காட்டில், தென்பீச் மரங்களின் கழலைகளிலிருந்து வெளிப்பட்டது. 'சாக்கரோமைசிஸ் யூபயானஸ்' என்று லிப்கிண்ட் முதலான விஞ்ஞானிகள் பெயரிட்ட அதன் மரபணுத்தொகுதி, லாகர் ஈஸ்டின் அந்தப் பாதியோடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேலாகவே ஒத்திருந்தது. ஜெர்மனியின் லாகர் பீருக்குத் தென்னமெரிக்கக் காட்டிலா மூலம் என்று வியந்தோர் பலர். 2014-இல் திபெத்திலும் அது கிடைத்தது. அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்து மண்ணிலிருந்தே அது பிரித்தெடுக்கப்பட்டதாக 2022-இல் அறிவிக்கப்பட்டதும், ஐரோப்பாவில் அது இல்லவேயில்லை என்ற எண்ணம் நீங்கிற்று.