உண்டிச்சாலையும் படக்கொட்டகையும்

மாலைப்பொழுதில் மனைவி மக்களுடன் புறப்பட்டு, ஓர் ஓட்டலில் தோசையும் காபியும் உட்கொண்டு, பின்னர்ப் படக்காட்சி கண்டு, இரவில் வீடு திரும்புதல் இக்காலத்தில் எளிய செயலாகிவிட்டது. கையிற் காசும் மனத்தில் விருப்பமும் இருப்பின் அதுவே போதும் என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். ஆயின், காசிருந்தும் உண்டிச்சாலையின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டோர் நம் பாட்டன்மார் காலத்தில் பலராவர். இவ்வெளிமை எவ்வாறு எய்தியது என்பதை ஆராய்தல் நம் சங்கத்தார்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

விலைக்கு உணவு விற்றல் தமிழர்க்குப் புதியதன்று. மதுரையின் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் பண்ணியம் விற்ற செய்தியை மதுரைக்காஞ்சியிற் காண்கிறோம். எனினும், நெடுவழிச் செல்வார்க்குப் பிற்காலத்தில் உணவளித்தவை பெரும்பாலும் சத்திரங்களே. ஆங்கு உணவு அறமாக வழங்கப்பட்டது. அறம் செய்தோர் விதித்த முறையே பந்தியின் முறையாயிற்று. இன்னார்க்கு உள்ளே, இன்னார்க்குப் புறத்தே என்று அவர் வகுத்த வரம்பினைக் கேட்பார் இலர். இலவசமாக உண்பவன் இடத்தைக் குறித்து வழக்காடுதல் யாங்ஙனம்?

இருப்புப்பாதையும் அலுவலகங்களும் பெருகிய பின்னர், நகரங்களில் காபி கிளப்புகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின. இவற்றுட் பல பிராமணர் நடத்தியவை. உடுப்பிப் பகுதியினின்று வந்தோர் இத்தொழிலில் பெரும்புகழ் எய்தினர். அவருள் ஒருவராகிய கிருஷ்ணராவ் 1938-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவினார். புலால் உணவு சமைத்தவை மிலிட்டரி ஓட்டல் என்னும் பெயர் பூண்டன. இங்கே உணவு அறமன்று, வாணிகம். வாணிகத்தில் காசே முதல்வன் ஆதல் வேண்டும். ஆயினும் காசு தோற்றது. "பிராமணர்க்கு" என்றும் "இதரர்க்கு" என்றும் பலகைகள் தொங்கின. ஒரே அடுப்பில் வெந்த இட்டலி, ஒரே விலைக்கு, இரு வேறு இடங்களில் பரிமாறப்பட்டது. இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் இப்பாகுபாடு நிலவிற்று, பெரியார் ஈ.வெ.ராமசாமியாரும் நீதிக்கட்சியினரும் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக 1941-ஆம் ஆண்டில்தான் அது நீங்கியது.

இனிப் படக்காட்சியின் வரலாற்றை நோக்குவோம். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905-ஆம் ஆண்டில் துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படமுனைக் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தினார். பின்னர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கினை எழுப்பினார். அவ்வரங்கின் பெயர் தாங்கிய வீதி அந்நகரில் இன்றும் உளது. அதே 1914-இல் சென்னையில் இரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கினைத் தொடங்கினார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னையில் "காளிதாஸ்" என்னும் பேசும்படம் வெளிவந்தபின், கொட்டகைகள் சிற்றூர்களிலும் பரவின.

இக்கொட்டகையில் நிகழ்ந்த புதுமை யாது? தரை, பெஞ்சு, நாற்காலி என இடங்கள் பிரிக்கப்பட்டன. ஆனால் பிரித்தது டிக்கெட்டின் விலையே. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலையரங்கம் சினிமாக் கொட்டகையே என்றும், ஆங்கு இருக்கையை உறுதி செய்தது வாங்கும் ஆற்றலேயன்றிக் குலத்தின் உயர்வு தாழ்வு அன்று என்றும் பேராசிரியர் கா.சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். காலத்தை ஒப்பிட்டால் இதன் பெருமை புலனாகும். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் வைத்தியநாதையர் முயற்சியால் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாளில். தெய்வத்தின் திருமுன் செல்ல இயலாதவன், தெய்வ வேடம் புனைந்த நடிகரைத் திரையில் கண்டு கைகுவித்த காலம் அதற்கு முன்னரே வந்துவிட்டது!

கொட்டகையில் இயன்றது ஓட்டலில் இயலாமற் போனது ஏன்? உணவைப் பற்றிய தீட்டு எண்ணமே காரணம் என்க. காண்பதால் தீட்டு இல்லை. உடன் உண்பதால் உண்டு என்பது பழைய கொள்கை. மேலும், கொட்டகையின் விளக்கு அணைந்தவுடன் அயலிருப்பவன் முகம் மறையும். பந்தியிலோ இலையும் முகமும் எதிரெதிரே விளங்கும்.

இவ்விரு வாயில்களையும் ஒருங்கே திறந்தது நம் நாட்டு அரசியலமைப்பாகும். 1950-ஆம் ஆண்டு சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அதன் 15-ஆம் உறுப்பு, கடைகள், உண்டிச்சாலைகள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுட் புகுவதற்குச் சாதி காரணமாக எவர்க்கும் தடை கூடாது என விதித்தது. 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோரைத் தண்டிக்க 1955-இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. எனினும், சட்டம் வந்த பின்னரும் பலகை உடனே இறங்கிற்றில்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே என்னும் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்த "பிராமணாள்" என்னும் சொல்லை அகற்றுமாறு பெரியார் மறியல் தொடங்கினார். பல மாதம் நடந்த அம்மறியலில் பல நூற்றுவர் கைதாகிய பின்னரே அச்சொல் மறைந்தது.

இதுகாறும் கூறியவற்றை நம்மவர் உவந்து கேட்பர். ஏனெனில், புறத்தே நிறுத்தப்பட்டோருள் நம் முன்னோரும் இருந்தனர். ஆனால் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படித்து ஏட்டை மூடுதல் அறிவுடைமை ஆகாது. நகரத்து ஓட்டலில் தமக்கு நேர்ந்த இழிவினைக் கண்டு குமுறிய நம்மவர், ஊர் திரும்பியதும் தம் தேநீர்க்கடையில் உழவுத்தொழிலாளிக்குத் தனிக் குவளை வைத்தனர் அல்லரோ? மேலிருந்து விழுந்த அடி வலித்தது. கீழே தாம் ஓங்கிய கை வலிக்கவில்லை. இரட்டைக் குவளை முறைக்குப் பலகை இல்லை. ஆதலின் அதனை இறக்குதல் பலகையை இறக்குவதினும் அரிதாயிற்று.

கொட்டகையின் வாயிலும் முற்றத் திறந்துவிட்டது என்று மகிழ்தற்கில்லை. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் திரையரங்கு ஒன்றில், நரிக்குறவர் குடும்பத்தினர் கையில் டிக்கெட்டு இருந்தும் முதலில் தடுக்கப்பட்டனர். படத்தின் தணிக்கைச் சான்றும் சிறுவர் வயதும் காரணமாகக் கூறப்பட்டன. கண்டோர் பலர் வினவிய பின்னர் அவர் உள்ளே விடப்பட்டனர். நூறாண்டுக்கு முன் காசு வென்ற இடத்தில் அது மீண்டும் தடுமாறியது காண்க.

அன்பர்களே! நம் சங்கங்களும் இக்காலத்தில் மண்டபங்கள் கட்டுகின்றன; விருந்துகள் நடத்துகின்றன. அவற்றின் வாயிலில் எழுதப்படாத பலகை எதுவும் தொங்காதவாறு காத்தல் நம் கடமை. பந்தியில் அமர வருபவனைக் குலம் வினவாதீர். மண்டபத்தைக் கூலிக்குக் கேட்பவனிடம் வாடகையை மட்டுமே பேசுக. நம் பாட்டனார் வாயிலில் நின்றபோது உள்ளிருந்து ஒருவர் "உள்ளே வாரும்" என்றழைத்திருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பாரோ, அவ்வழைப்பை நாம் பிறர்க்கு அளித்தலே அவர்க்கு நாம் ஆற்றும் நற்கடனாகும்.