தாது வருஷமும் தாய்மையும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையில் பேராறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையே அங்குப் பருத்திக்கும் கம்புக்கும் உயிர். அந்த மழை பொய்த்த கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று முதியோர் சொல்லி வந்தனர். 1876 முதல் 1878 வரை அது சென்னை மாகாணத்தை வாட்டியது.

பஞ்சத்தின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இறந்தோரையே எண்ணுவர். பிறவாது போனவர்களைப் பற்றி நான் இன்று சொல்ல விரும்புகிறேன். 1877-இல் சாவு உச்சத்தை எட்டியது. 1878-இல் மாகாணத்தின் பிறப்புக் கணக்கு வெகுவாகத் தாழ்ந்தது. ஆடவர் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனதும், கருச்சிதைவும் இதற்குக் காரணங்களே. ஆயினும் வேறொன்றும் உண்டு. 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் துரை நிவாரண வேலைக்கு நாட்கூலியாக ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என வகுத்தார். பெண்ணுக்கு அதனினும் குறைவு. சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். அரைவயிற்றுக் கஞ்சியோடு நாள் முழுதும் உழைத்த பெண்ணின் உடலில் என்ன நிகழ்ந்திருக்கும்?

இதற்கு விடை காண ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், அபினியைப் போல் செயல்படும் பொருள் மூளையிலேயே சுரப்பதைக் கண்டனர். அதற்கு என்கெபலின் என்று பெயர். எண்டார்பின், டைனார்பின் என்பனவும் அவ்வினத்தவையே. மகப்பேற்று வேளையில் தாயின் இரத்தத்தில் எண்டார்பின் பெருகுகிறது. பசியும் கடும் உழைப்பும் மனத்துயரும் மிகும்போதோ, இவ்வினப் பொருள்கள் வேறொரு வேலையும் செய்கின்றன. சூலகத்தை இயக்குவதற்காக மூளையின் அடித்தளத்திலிருந்து விட்டுவிட்டு எழும் சமிக்ஞையை இவை தளர்த்துகின்றன. சமிக்ஞை தளர்ந்தால் மாதவிலக்கு நிற்கும், கரு தங்காது. இவ்வாறு விலக்கு நின்ற பெண்களுக்கு, இப்பொருள்களைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்தபோது, சிலருக்கு அந்தச் சமிக்ஞை மீண்டும் விரைந்தது. இவை மட்டுமே காரணம் அல்ல. உடற்கொழுப்பின் குறைவும் பிற சுரப்புகளும் உடன் சேர்கின்றன.

தாயையும் சேயையும் ஒருங்கே காக்க இயலாத காலத்தில், தாயையேனும் காக்க உடல் இடும் தாழ் இது. சோறு கிடைத்தால் தாழ் திறக்கும். பஞ்சம் நீங்கிய சில ஆண்டுகளில் பிறப்புக் கணக்கு மீண்டும் உயர்ந்தது இதற்குச் சான்று.

குழந்தை இல்லையென்றால் பெண்ணை மலடி என்று தூற்றும் வழக்கம் நம்மிடம் இருந்தது. இன்னும் முற்றும் ஒழியவில்லை. மழை பொய்த்த ஆண்டில் கரிசல் விளையாவிட்டால், உழவன் மண்ணைப் பழிப்பதில்லை, மழைக்குக் காத்திருக்கிறான். அந்த நியாயம் பெண்ணுக்கும் உரியது.