எண் போடும் ரிமோட்டும் பார்த்துப் படிக்கும் ரிமோட்டும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் டிவிக்கு முன்னால் இரண்டு ரிமோட் கிடப்பது பழகிப்போன காட்சி. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டியோடு எத்தனையோ வீடுகளுக்கு முதல் ரிமோட் வந்தது. 2017இல் அரசு கேபிளின் செட் டாப் பாக்ஸ் வந்தபோது இன்னொன்று சேர்ந்துகொண்டது. டிவியைப் போட ஒன்று, சேனலை மாற்ற ஒன்று. பகலில் தனியாக இருக்கும் வயதானவர்களை இது உண்மையிலேயே சிரமப்படுத்துகிறது. எது எதற்கு என்று புரியாமல் டிவியையே போடாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக்க யுனிவர்சல் ரிமோட் வாங்குகிறோம். அதைப் பழக்க இரண்டு வழிகள்: கோடு எண் போடுவது, பழைய ரிமோட்டைக் காட்டிக் கற்றுக்கொடுப்பது.

பட்டனை அமுக்கியதும் ரிமோட்டின் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கிளம்புகிறது. பெரும்பாலும் விநாடிக்கு 38,000 தடவை துடிக்கும் ஒளி அது. பரவலாக இருக்கும் என்.இ.சி. முறையில் முதலில் 9 மில்லிவிநாடிக்கு ஒளி, பிறகு 4.5 மில்லிவிநாடி இடைவெளி. அதன்பின் 32 பிட்டுகளில் இரண்டே செய்திகள் போகின்றன: எந்தக் கருவிக்கு, எந்தப் பட்டன். தவறு நேராதிருக்க ஒவ்வொன்றும் தலைகீழாகவும் ஒருமுறை அனுப்பப்படுகிறது. செட் டாப் பாக்ஸ் ரிமோட்டை அமுக்கினால் டிவி பேசாமல் இருப்பதற்குக் காரணம், அந்தக் கருவி எண் தன்னுடையது இல்லை என்று அதற்குத் தெரிவதுதான்.

கோடு எண் வழியில் இந்தச் செய்திகளெல்லாம் யுனிவர்சல் ரிமோட்டுக்குள் முன்பே பதிந்திருக்கும். செட் பட்டனை அமுக்கிப் பிடித்து, விளக்கு எரிந்ததும் கூட வந்த தாளில் டிவி கம்பெனிக்கு நேரே உள்ள எண்ணைப் போட வேண்டும். அந்த எண் டிவியுடையது அல்ல. அந்த ரிமோட் தன் கிடங்கில் எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்பதற்கான எண். அதனால்தான் ஒரு ரிமோட்டின் தாளில் உள்ள எண் இன்னொரு ரிமோட்டுக்கு உதவாது. தாள் தொலைந்திருந்தால் ஆட்டோ சர்ச் உண்டு. டிவிக்கு நேராகப் பிடித்தால் ரிமோட் ஒவ்வொரு கோடாக அனுப்பிக்கொண்டே போகும். டிவி அணைந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். டிவி அணைந்ததே என்று அதோடு விட்டுவிடவும் கூடாது. ஒலி, மெனு, ஏ.வி. பட்டன்களையும் அமுக்கிப் பார்த்து, வேலை செய்யாவிட்டால் அடுத்த கோடுக்குப் போக வேண்டும்.

விழுப்புரத்தில் சித்தப்பா வீட்டில் இருப்பது பேர்பெற்ற கம்பெனி டிவி. அங்கே இந்த வழியே போதுமானதாக இருந்தது. பழைய ரிமோட் எப்போதோ தொலைந்தது ஒரு தடையாகவே இல்லை. திண்டிவனத்தில் அத்தை வீட்டு எல்.இ.டி. டிவி வேறு வகை. போர்டு ஓரிடம், பேனல் ஓரிடம் என்று வாங்கிப் பொருத்தி, மேலே ஒரு பெயரை ஒட்டி விற்றது. அந்தப் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அத்தகைய டிவி தன் பெயருக்குக் கட்டுப்பட்டதல்ல, உள்ளே இருக்கும் போர்டுக்குக் கட்டுப்பட்டது. பழுது பார்ப்பவர்கள் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, போர்டு எது, பழைய ரிமோட்டில் பட்டன்கள் எப்படி இருந்தன என்று கேட்பது இதனால்தான்.

இங்கே கற்றுக்கொள்ளும் ரிமோட்தான் கைகொடுக்கிறது. அதற்குக் கம்பெனிப் பெயர் தேவையில்லை. எதிரே வரும் துடிப்பின் நீளத்தையும் இடைவெளியையும் அளந்து அப்படியே வைத்துக்கொள்கிறது. பல செட் டாப் பாக்ஸ் ரிமோட்டுகளிலேயே டிவிக்கென்று நான்கைந்து பட்டன்கள் இப்படிக் கற்க வசதியாக இருக்கின்றன. தனியாக ஒன்றை வாங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்காக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் மேசைமேல் வைக்க வேண்டும். ஜன்னல் வெயிலும், எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப் லைட்டும் இடையில் புகுந்து குழப்பும். பழைய ரிமோட்டின் பட்டனை லேசாகத் தட்டினால் போதும். அமுக்கிப் பிடித்தால் 'இன்னும் அமுக்கியிருக்கிறார்கள்' என்னும் தொடர் குறியும் சேர்ந்து பதிந்துவிடலாம்.

இந்த வழியிலும் குறை உண்டு. பிலிப்ஸின் ஆர்.சி.5 முறையில் ஒவ்வொரு புதிய அமுக்கலுக்கும் ஒரு பிட் மாறி மாறி வரும். வெறுமனே நகலெடுத்த ரிமோட் அதை மாற்றாமல் அனுப்புவதால், 11ஆம் சேனலுக்காக 1ஐ இரண்டு முறை தட்டினாலும் டிவி ஒருமுறை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். புளூடூத்தில் பேசும் புதிய டிவி ரிமோட்டுகளையும் இப்படி நகலெடுக்க முடியாது.

ஆனாலும் பெயர் மாறி மாறி வரும் டிவிகள் நிறைந்த இந்த ஊர்களுக்குக் கற்றுக்கொள்ளும் வழியே பொருத்தம் என்பது என் முடிவு. பழைய ரிமோட் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிட வேண்டும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க, அதன் முனையை செல்போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி பட்டனை அமுக்குங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறப் பொட்டு மின்னும். புது செல் போட்டும் மின்னவில்லை என்றால் பழைய ரிமோட்டிடம் கற்க ஒன்றுமில்லை. ஆட்டோ சர்ச்சை ஓடவிட வேண்டியதுதான்.