நீலகிரியில் ரிவர்ஸ்

கல்லூரி மாணவரும் இன்று சரளமாக வழங்கும் ‘ஃபீல்டு ஒர்க்’ என்னும் ஆங்கிலச் சொல், செடிகொடிகளையும் பிராணிகளையும் அவை வாழும் இடத்துக்கே சென்று ஆராய்ந்த இயற்கை நூலாரிடமிருந்து மானிட சாஸ்திரத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த பெருமையை ஆல்பிரட் ஹாடனுக்கு அளிப்பது வழக்கம். கடல்வாழ் பிராணிகளை ஆராய 1888-இல் டாரஸ் ஜலசந்திக்குப் போன அந்த விலங்கியல் பேராசிரியர், தீவு மக்களின் வாழ்க்கையில் மனத்தைப் பறிகொடுத்து, பத்தாண்டுகளுக்குப் பின் அவர்களை ஆராய்வதற்கென்றே ஒரு குழுவுடன் திரும்பினார். அதுவரை மானிட சாஸ்திரிகளிற் பலர், பாதிரிமாரும் அதிகாரிகளும் எழுதியனுப்பிய விருத்தாந்தங்களைக் கொண்டு, நாற்காலியை விட்டெழாமலே பெரிய கிரந்தங்களை இயற்றி வந்தனர்.

அக்குழுவில் இருந்த வைத்தியரும் மனோதத்துவ நிபுணருமான ரிவர்ஸ், வம்சாவளிகளைக் கேட்டெழுதும் முறை ஒன்றை அங்கே வகுத்துக்கொண்டு, 1901-இல் நம் நீலகிரிக்கு வந்து, அங்குள்ள பழங்குடியினரான தோடரிடையே அதைப் பிரயோகித்தார். இறந்த மூதாதையரின் பெயரைச் சந்ததியார் உச்சரிப்பது தோடருக்குத் தகாத காரியமாதலால், ஒரு குடும்பத்தின் வரலாற்றை வேறு குடும்பத்தாரிடம் இரகசியமாகவே அவர் விசாரிக்க நேர்ந்தது. சகோதரர் பலர் ஒரே மனைவியோடு வாழ்ந்த அச்சமூகத்தில், கர்ப்பிணிக்கு வில்லும் அம்பும் அளிக்கும் சடங்கைச் செய்தவனே தந்தை என்பதும், வேறொருவன் அதைச் செய்யும்வரை, அவன் இறந்துபோயிருந்தாலுங்கூட, பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளும் அவனுடையவையே என்பதும் அவர் பதிந்துவைத்த செய்திகள். லண்டனில் உட்கார்ந்து எத்தனை காலம் யோசித்தாலும் இவை ஒருவருக்குத் தோன்றியிரா.

ஆனால் அந்த ஞானத்துக்கு விலை கொடுத்தவர்கள் தோடரே. புனித விஷயங்களை அவருக்குத் தெரிவித்தவர்களில் ஒருவர் நோயுற, மற்றொருவர் மனைவியை இழக்க, அந்நியனிடம் இரகசியத்தை வெளியிட்டதால் தெய்வம் சினந்தது என்று குறி சொல்வோர் கூறவே, பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டனர். இதை மறைக்காமல் 1906-இல் வெளியான தம் நூலில் ரிவர்ஸ் எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

மொழிபெயர்ப்பாளரை நம்பிச் சில மாதங்களே அங்குத் தங்கியது அவர் முறையின் பெருங்குறை. ஆராய்ச்சியாளன் ஓராண்டுக்கேனும் ஒரு சிறு சமூகத்தினிடையே வாழ்ந்து, அவர்களுடைய பாஷையையும் கற்க வேண்டும் என்று 1913-இல் அவரே வற்புறுத்தினார். அதைப் பசிபிக் கடலின் டிரோபிரியண்டுத் தீவுகளில் நிறைவேற்றிக் காட்டிப் பிரசித்தி பெற்றவர் மானிட சாஸ்திரி மாலினோவ்ஸ்கி. நீலகிரியிலோ, 1930-களில் வந்த மொழியியலறிஞர் எமனோ, தோட மொழியிலேயே அவர்களுடைய பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தொகுப்பு 1971-இல் வெளிவந்தது. தோடரை அறிய விரும்பும் தமிழர், ரிவர்ஸின் நூலை மட்டும் படித்து நின்றுவிடாமல், அதனோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.