நெய்வேலிச் சுரங்கம்: நீர்வடிப்பும் வண்டல் தடுப்பும்

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1961இல் பழுப்பு நிலக்கரி முதன்முதல் வெளிப்பட்ட திறந்தவெளிச் சுரங்கம், கீழிருந்து உந்தும் ஊற்றுநீர், மேலிருந்து பொழியும் மழைநீர் என்னும் இருவகை நீரோடும் இடைவிடாது போராடுவதாகும்.

நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள மணற்படுகையில் மிகுந்த அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நீர், மேல்மண் அகற்றப்பட்டுப் பாரம் குறைந்தவுடன் சுரங்கத் தரையைப் பிளந்து பீறிடக்கூடுமாதலால், ஆழ்துளைக் கிணறுகளின் வழியே இரவுபகலாக இறைக்கப்பட்டு, அதன் அழுத்தம் அபாய எல்லைக்குக் கீழே நிறுத்தப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ, படிப்படியாக வெட்டப்பட்ட சரிவுகளில் இறங்கும் வெள்ளம் வாய்க்கால்கள் மூலம் அடித்தளத்துக் குழிகளிற் சேர்க்கப்பட்டு, பம்புகளால் மேலேற்றப்படுகிறது. குவித்த மண்மேடுகளை மழை அரித்துச் சிற்றோடைகளாகக் கீறுவதைத் தடுக்க, அவற்றின் சரிவைத் தணித்து, மரஞ்செடிகளை நட்டு, அடிவாரத்தில் வடிகால் அமைப்பது வழக்கம். கலங்கல் நீரைத் தேக்கத்தில் நிறுத்தினால் மணல் விரைவில் படியும். நுண்ணிய களிமண்ணோ நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே, தேக்கம் விசாலமாகவும், அடிவண்டல் அவ்வப்போது தூர்வாரப்படுவதாகவும் இருத்தல் இன்றியமையாதது.

இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் பயன்படுகிறது. மற்றொரு பகுதி வாலாஜா ஏரியை அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது.