கன்னியர் மடப் பாடசாலைகளும் மாணவியர் கையெழுத்துப் பத்திரிகையும்: கல்முனைக் கரையை முன்வைத்து ஒரு குறிப்பு

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றை 1841இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட 'உதயதாரகை'யிலிருந்து தொடங்குவது மரபு. 1876இல் கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவலன்', 1882இல் சித்திலெவ்வையின் 'முஸ்லிம் நேசன்' என அவ்வரலாறு அச்சியந்திரத்தைப் பின்தொடர்ந்து செல்கின்றது. அச்சேறாத பத்திரிகைக்கு அதில் இடமில்லை. பாடசாலை மாணவியர் தம் கைப்பட எழுதி, நூலாற் கட்டி, வாசிகசாலை மேசையில் வைத்த பத்திரிகை அவ்வாறு விடுபட்டவற்றுள் ஒன்றாகும். பெண்கள் எழுத்தின் வரலாற்றுக்கு அது எத்தகைய சான்று என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொறிக்கல்முனை, திருச்சிலுவை ஆலயத்தை மையமாகக் கொண்ட கத்தோலிக்கக் கிராமம். இந்துத் தமிழ் ஊர்களும் கல்முனை, சம்மாந்துறை முதலிய முஸ்லிம் ஊர்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இதே கரையின் காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்தர், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். 'இராமகிருஷ்ண விஜயம்', 'பிரபுத்த பாரத' ஆகியவற்றின் ஆசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் உயர்ந்தார். பள்ளியிலிருந்து பத்திரிகை ஆசிரியபீடம்வரை ஓர் ஆண்மகனுக்குத் திறந்திருந்த இப்பாதை, அவர் காலத்தில் இக்கரையிற் பிறந்த சிறுமியருக்குத் திறந்திருக்கவில்லை.

பெண்களுக்கான கல்வியைக் கத்தோலிக்கத் திருச்சபை பெரும்பாலும் துறவியரிடமே ஒப்படைத்தது. 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் இதற்குத் தொடக்கமிட்டனர். கிழக்கில் மட்டக்களப்புப் புனித சிசிலியா மகளிர் கல்லூரி இம்மரபிற் குறிப்பிடத்தக்கது. ஆயின் கட்டணம் பெற்ற ஆங்கிலப் பாடசாலைகள் வசதிபடைத்தோருக்கே எட்டின. 1945இல் அறிமுகமான இலவசக் கல்வியும் அதனையொட்டிப் பரவிய தாய்மொழிப் போதனையுமே விவசாயி, மீனவர், சிறுவணிகர் ஆகியோரின் புதல்வியரைத் தமிழில் எழுதும் மாணவியராக்கின என்பது மனங்கொள்ளற்பாலது.

பாடசாலை வெளியீடுகள் இருவகைப்படும். ஒன்று அச்சிட்ட ஆண்டு மலர். அதிபரின் அறிக்கை, பரிசு பெற்றோர் பட்டியல், விளையாட்டுக் குழுவினரின் நிழற்படம், கடைக்காரரின் விளம்பரம் ஆகியன அதனை நிரப்பின. பெற்றோருக்கும் திணைக்களத்துக்கும் காட்டுவதற்கான வெளியீடு அது. மற்றையது மாணவர் மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகை. இதற்குத் தாளும் மையுமே முதல். கையெழுத்து அழகாயுள்ள மாணவி பிரதி செய்வாள். வரையத் தெரிந்தவள் அட்டையும் ஓரக்கோலமும் வரைவாள். தமிழாசிரியை பிழை திருத்துவார். இறுதியில் விடப்படும் வெற்றுத்தாள்களில் வாசித்தோர் தம் கருத்தை எழுதுவர். எழுதியவரும் வாசித்தவரும் ஒரே தாளிற் சந்தித்த இவ்வமைப்பு ஆண்டு மலரில் இல்லை. பின்னர் றோணியோ இயந்திரம் பிரதிகளைப் பெருக்கியபோது இவ்வெற்றுத்தாள்கள் மறைந்தன.

இத்தகைய பத்திரிகையில் சுதந்திரம் எவ்வளவு என்ற வினா எழுதல் இயல்பே. ஐக்கிய அமெரிக்காவின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் பத்திரிகை அச்சு நிறுவனமாகவே வளர்ந்தது. 1931இல் யேசு சபையினரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்கப் பாடசாலைப் பத்திரிகைச் சங்கம் அமைந்தது. எனினும் அந்நாட்டு அரசியலமைப்பின் பேச்சுரிமை அரசையே கட்டுப்படுத்துவதால், 1969இல் அரச பாடசாலை மாணவர் நீதிமன்றிற் பெற்ற பாதுகாப்பு தனியார் கத்தோலிக்கப் பள்ளி மாணவிக்குக் கிட்டவில்லை. அங்கு அதிபரே வெளியீட்டாளர். இலங்கையில் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசுடைமையாக்கின. நிர்வாகம் கைமாறியது, மாணவியின் எழுத்தை அனுமதிக்கும் அதிகாரம் அதிபரிடமே நிலைத்தது.

எனினும் இருவகை வெளியீட்டிலும் தணிக்கை விட்டுச்சென்ற தடயம் ஒன்றன்று. அச்சில் நீக்கப்பட்ட வரி முற்றாக மறைந்துவிடும். கையெழுத்துப் பிரதியிலோ வெட்டிய கோடும், மேலொட்டிய தாளும், ஆசிரியையின் சிவப்பு மையும் எஞ்சும். எதை எழுத முற்பட்டாள், எது பொருந்தாதெனக் கருதப்பட்டது என்பதை ஒரே தாளிற் காட்டும் இச்சான்று, ஆண்டு மலர்கள் நூறு சேர்ந்தும் தரமுடியாதது.

இச்சான்றின் வலிமையே அதன் பலவீனமும் ஆகும்: ஒரே பிரதி. 1978 நவம்பரில் கிழக்கைத் தாக்கிய சூறாவளியும், 1990இன் வன்செயல்களும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இக்கரையின் வீடுகளையும் பாடசாலைகளையும் அழித்தன. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் அச்சு நூல்களிற் பலவற்றுக்கு வேறிடத்திற் பிரதியுண்டு. மாணவியின் சஞ்சிகைக்கு அவ்வாய்ப்பில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பாடசாலை மலர்களையும் சேர்த்துவருகின்றது. அம்முயற்சி கையெழுத்துச் சஞ்சிகைகளை நோக்கியும் விரிதல் வேண்டும். கன்னியர் மடப் பாடசாலைகளோடு, கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற முஸ்லிம் பெண் பாடசாலைகளும் இத்தேட்டத்துள் அடங்குதல் அவசியம். பழைய மாணவியரின் பெட்டிகளிலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் அலுமாரிகளிலும் கிடக்கக்கூடிய தாள்களைப் படம்பிடித்தலும், அவற்றை எழுதியோர் வாழுங்காலத்திலேயே அவர்தம் வாய்மொழியைப் பதிதலும் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். அச்சைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றில் அதிபரின் குரல் மாத்திரமே கேட்கும். மாணவியின் குரலைக் கேட்பதற்கு இத்தாள்களே வழி.